பிரிவு பின்னர் அறிவிக்கப்படும்

அரியலூர்
17-8-2024

புவனேஸ்வரிக்கு,

என் நம்பரை நீ தடுத்து வைத்திருப்பதால் தபாலில் எழுதுகிறேன். மூன்று வருடமாக நான் இங்கும் நீ பெரம்பலூரிலுமாக இருக்கிறோம். இதுவரை ஒரு வரி எழுதியதில்லை. இப்போதும் உன்னை நலம் விசாரிக்க எழுதவில்லை. உனக்கு ஒரு குறையும் இருக்காது. குறையெல்லாம் உன்னோடு இருப்பவர்களுக்குத்தான்.

சத்யாவைக் கல்லூரியில் சேர்த்தது எனக்கு எப்படித் தெரிந்தது தெரியுமா? ஃபாக்டரி கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். கூட வேலை பார்க்கும் செந்தில்குமாரின் மகனும் அதே கல்லூரியில் சேர்ந்திருக்கிறானாம். உங்கள் பெண் என்ன பிராஞ்ச் என்று கேட்டான். பெற்ற தகப்பன், பதில் தெரியாமல் டம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சாயங்காலம் சத்யாவுக்கு போன் போட்டேன். ஒரு வருடம் எல்லாருக்கும் பொதுவாம், அதன் பிறகுதான் பிராஞ்சாம். சேர்க்கைக் கடிதத்தை போட்டோ எடுத்து அனுப்பினாள். பெயர் இருக்கிறது, ரத்த வகை இருக்கிறது. பிரிவு என்ற இடத்தில் ‘பின்னர் அறிவிக்கப்படும்’ என்று அச்சடித்திருக்கிறார்கள். இதை வாங்கிக்கொண்டு நீ நன்றி சொல்லிவிட்டு வந்திருப்பாய்.

ஊரில் எல்லாரும் பிள்ளையைக் கம்ப்யூட்டரில் சேர்த்துவிட்டுத்தான் மறுவேலை பார்க்கிறார்கள். நீ மட்டும், பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டு எந்த ஊர் என்று கண்டக்டரே முடிவு பண்ணட்டும் என்கிறாய். விசாரித்தேன். இருநூற்று நாற்பது பிள்ளைகள். கம்ப்யூட்டருக்கு அறுபது இடம். மார்க் வரிசைப்படி கூப்பிடுவார்கள். ஒரு அரியர் இருந்தாலும் கடைசி வரிசை. கடைசியில் நிற்பவர்களுக்கு யாரும் தொடாத பிரிவைத் தள்ளிவிடுவார்கள். உன் மகளுக்கு அதுதான் கிடைக்கப்போகிறது. அப்போது நான் சிரிக்க மாட்டேன். ஆனால் எழுதுவேன்.

கொளஞ்சியப்பன்

*

பெரம்பலூர்
27-8-2024

சத்யாவின் அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. அதில் எல்லாம் இருந்தது. பிள்ளை எப்படி இருக்கிறாள் என்ற கேள்வி மட்டும் இல்லை.

விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் அவளிடம் கேட்டேன். உங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் கிடையாது என்பதால் விளக்கமாகச் சொல்கிறேன்: பதினெட்டு வயதுப் பெண்ணை எதிரே உட்கார வைத்து, உனக்கு எது வேண்டும் என்று கேட்பது. அவள், "தெரியலம்மா. ஒரு வருசம் எல்லாத்தையும் பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் புத்தி அவளுக்கு எங்கிருந்து வந்ததோ. நிச்சயமாக உங்களிடமிருந்து இல்லை.

பிரிவு தெரிந்து சேர்ந்தவர்தானே நீங்கள்? மெக்கானிக்கல் டிப்ளமா. பதினோரு அரியரோடு பாதியில் விட்டுவிட்டு ஃபிட்டராகப் போனீர்கள். எனக்கு இந்த ஊர் அரசு மருத்துவமனைக்கு மாற்றலானபோது, மருந்தாளுநருக்குக் கொடுத்த குவார்ட்டர்ஸில் பெண்டாட்டி பேர் போட்ட வாசலுக்குள் நுழைய மாட்டேன் என்று உங்கள் அக்கா வீட்டு மாடியில் போய் உட்கார்ந்துகொண்டீர்கள். அப்படிப்பட்டவர் என் மகள் ஏறிய பஸ்ஸைப் பற்றிப் பேசுகிறீர்கள்.

அவள் கம்ப்யூட்டர்தான் எடுப்பாள். எடுக்க வைப்பது என் வேலை.

நம்பரைத் திறக்கப்போவதில்லை. வாட்ஸ்அப்பில் நான் ஒரு வரி போட்டால் அது உங்கள் அக்கா பொன்னாயி வழியாக ஜெயங்கொண்டம் வரைக்கும் போய்ச் சேரும். தபாலே போதும்.

புவனேஸ்வரி

*

அரியலூர்
17-11-2024

புவனேஸ்வரிக்கு,

எழுதுவேன் என்று சொல்லியிருந்தேன்.

முதல் உள்தேர்வில் என்ஜினியரிங் டிராயிங்கில் ஐம்பதுக்குப் பதினொன்றாம். சத்யா சொல்லவில்லை. செந்தில்குமார் மகன் சொன்னான். அவன் முப்பத்தெட்டு. அந்தப் பையனுக்கு ஸ்பேனர் எது, ஸ்குரூ டிரைவர் எது என்று தெரியாது. அவன் முப்பத்தெட்டு.

செமஸ்டரிலும் இப்படிப் போனால் அது அரியர். அரியர் என்றால் கடைசி வரிசை. நான் அன்றைக்கு எழுதியதைக் கொஞ்சம் எடுத்துப் படித்துப் பார்.

எடுக்க வைப்பது என் வேலை என்றாயே. எடுக்க வை. மருந்துச் சீட்டைப் பார்த்து மாத்திரை எண்ணிப் போடுகிற கைதானே, ஒரு கூம்பை நடுவில் வெட்டினால் பக்கவாட்டில் எப்படித் தெரியும் என்று அவளுக்கு வரைந்து காட்டு. உன்னால் முடியாது. என்னால் முடியும். ஆனால் நீ அனுப்ப மாட்டாய். பிள்ளை தோற்றாலும் பரவாயில்லை, இவனிடம் போய் நிற்கக் கூடாது, அதுதானே உன் கணக்கு?

கொளஞ்சியப்பன்

*

பெரம்பலூர்
25-11-2024

சத்யாவின் அப்பாவுக்கு,

அதேதான் என் கணக்கு. சரியாகப் போட்டிருக்கிறீர்கள், உங்கள் வாழ்க்கையில் முதல் தடவையாக.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு சாரிடம் டியூஷன் ஏற்பாடு செய்துவிட்டேன். போதாததற்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வாலிகண்டபுரத்தில் கூடப் படிக்கும் அனிதா வீட்டுக்குப் போய் அவளோடு சேர்ந்து வரைகிறாள். நேற்றுக்கூடக் காலையில் போய் இருட்டுவதற்குள் வந்துவிட்டாள். கை முழுக்கப் பென்சில் கறை. பொறுப்பு தெரிந்த பெண்.

இனி மார்க் பற்றி எழுத வேண்டாம். கேன்டீனில் கேட்டுச் சிரித்துக்கொள்ளுங்கள்.

புவனேஸ்வரி

*

பெரம்பலூர்
20-2-2025

சத்யாவின் அப்பாவுக்கு,

மூன்று மாதமாக உங்களிடமிருந்து கடிதம் இல்லை. வெட்கப்பட்டு அடங்கிவிட்டீர்கள் என்று நினைத்தேன். வெட்கத்தை உங்களோடு சேர்த்து நினைத்தது என் தப்பு.

முதல் செமஸ்டர் முடிவு வந்தது. டிராயிங்கில் வகுப்பிலேயே இரண்டாவது. மொத்த வரிசையில் எழுபத்து நான்கு. வார்டில் எல்லாருக்கும் சாக்லேட் கொடுத்தேன். அன்று சாயங்காலம் அவள் வரைந்த தாள்களை எடுத்து விரித்துப் பார்த்தேன். அளவுகள் எழுதியிருந்தாள். ஒவ்வொரு 7-க்கும் நடுவில் ஒரு குறுக்குக் கோடு.

அவள் பன்னிரண்டாம் வகுப்பு வரை எழுதிய 7-ல் கோடு கிடையாது. யார் அப்படி எழுதுவார் என்று எனக்குத் தெரியும். உங்கள் கடிதங்களில் தேதியைப் பார்த்தேன். அதே கோடு.

மறுநாள் அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு வாலிகண்டபுரம் போனேன். அனிதாவின் அம்மா இருசம்மாள் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார். "சத்யா எங்க வூட்டுக்கு வந்தே மூணு மாசம் இருக்குங்களே, ஏங்க, எதுனா பிரச்சனையா?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையை என்னால் இன்னும் கழுவ முடியவில்லை.

பன்னிரண்டு ஞாயிறு. பன்னிரண்டு தடவை அவள் என் முகத்தைப் பார்த்து, வாலிகண்டபுரம் போயிட்டு வரேம்மா என்று சொல்லியிருக்கிறாள். நீங்கள் கூம்பையும் உருளையையும் கற்றுக்கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். பிள்ளைக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்திருக்கிறீர்கள். அதில் மட்டும் உங்களுக்கு அரியர் கிடையாது.

புவனேஸ்வரி

*

அரியலூர்
1-3-2025

புவனேஸ்வரிக்கு,

நான் கூப்பிடவில்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன். நீ நம்ப மாட்டாய் என்று தெரிந்தும் எழுதுகிறேன்.

நவம்பர் மாதம் அந்த ஞாயிற்றுக்கிழமை நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். படியேறி வந்தாள். தோளில் டிராயிங் டியூப், கையில் போர்டு. போர்டைத் தரையில் வைத்துவிட்டு, "எனக்கு இது கண்ணுக்குத் தெரிய மாட்டேங்குதுப்பா. தாள்ல இருக்கிறது தாளாத்தான் தெரியுது, பொருளாத் தெரியல" என்றாள். அழவில்லை. எனக்குத்தான் என்னவோ போல் இருந்தது.

கடைத்தெருவில் இரண்டு மரவள்ளிக்கிழங்கு வாங்கி வந்தேன். கத்தியால் கூம்பாகவும் உருளையாகவும் சீவினேன். சாய்த்து வெட்டி, வெட்டிய முகத்தில் மை தடவித் தாளில் ஒற்றிக் காட்டினேன். நாலாவது துண்டில் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. கத்தியை வாங்கி அவளே வெட்டினாள். வெட்டுவதற்கு முன்னால் என்ன வடிவம் வரும் என்று சொல்லிவிட்டு வெட்டினாள். சொன்னது வந்தது. எங்கள் ஃபாக்டரியில் பெரிய படிப்பு படித்துவிட்டு வருகிற பையன்களில் பாதிப் பேருக்கு இது வராது. இருபத்தாறு வருடமாகப் பார்க்கிறேன்.

உன்னிடம் சொல்லிவிட்டு வா என்று சொன்னேன். ஒருதடவை இல்லை, மூன்று தடவை. "தெரிஞ்சா நீங்க ரெண்டு பேரும் சேந்து என் தலையில வந்து நிப்பீங்க. தனித்தனியா நிக்கிறதையே தாங்க முடியல" என்றாள். அதற்கு மேல் நான் பேசவில்லை. நீயாக இருந்தால் பேசியிருப்பாய்.

எழுபத்து நான்கு என்று சாக்லேட் கொடுத்தாயாமே. கம்ப்யூட்டர் அறுபதோடு முடிந்துவிடும். இன்னும் பதினான்கு பேரை அவள் தாண்ட வேண்டும். ஆனால் ஒன்று சொல்கிறேன். அந்தக் கண்ணுக்குக் கம்ப்யூட்டர் எதற்கு? மெக்கானிக்கல் எடுக்கட்டும். எழுபத்து நான்குக்கே கிடைக்கும். அவளிடமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

கொளஞ்சியப்பன்

*

பெரம்பலூர்
9-6-2025

சத்யாவின் அப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமைகளை நான் நிறுத்தவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். பெருந்தன்மை என்று நினைக்க வேண்டாம். நிறுத்தச் சொன்னேன், அவள் கேட்கவில்லை.

இதோடு ஒரு படிவம் இருக்கிறது. இரண்டாம் செமஸ்டர் முடிவு வந்ததும் ஜூலை ஏழாம் தேதி பிரிவு ஒதுக்குகிறார்கள். விருப்பப் பிரிவை எழுதி, பெற்றோர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். கல்லூரிப் பதிவில் தகப்பன் பெயர்தான் இருக்கிறது. அது என் முட்டாள்தனம். உங்களைப் போல் மூன்றாம் மனிதர் ஒருவரின் கையெழுத்துக்காக நான் தபால்தலை செலவழிக்கிறேன்.

மெக்கானிக்கல் பற்றி அவளுக்கு ஓதுவதை நிறுத்துங்கள். ஆகஸ்டில், ஊரே கம்ப்யூட்டர் எடுக்கிறது, உன் மகளுக்குக் கிடைக்காது என்று எழுதியவர் நீங்கள். இப்போது கிடைத்துவிடும் போலிருக்கிறது என்றதும் கம்ப்யூட்டர் எதற்கு என்கிறீர்கள். அவளுடைய கண் உங்களுக்கு முக்கியம் இல்லை. நீங்கள் பாதியில் போட்டுவிட்டு ஓடிவந்ததை அவள் முடித்துவைக்க வேண்டும், அவ்வளவுதான். நாலு பேரிடம் என் ரத்தம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

பிரிவு என்ற இடத்தில் கம்ப்யூட்டர் என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு அனுப்பவும். வேறு எதுவும் எழுத வேண்டாம்.

புவனேஸ்வரி

*

அரியலூர்
16-6-2025

புவனேஸ்வரிக்கு,

படிவம் இதோடு இருக்கிறது. மெக்கானிக்கல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

என் ரத்தம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். இருந்துவிட்டுப் போகட்டும். உனக்கு என்ன ஆசை என்று நீயும் எழுதியிருக்கலாம். ஆஸ்பத்திரியில் உன் மேசைக்குப் பக்கத்து மேசைக்காரர்களின் பிள்ளைகள் எல்லாம் கம்ப்யூட்டர். உன் மகள் மட்டும் இல்லை என்றால் உன்னால் டிபன் பாக்ஸைத் திறக்க முடியாது. இதற்கு நீ தாய்ப்பாசம் என்று பெயர் வைத்திருக்கிறாய்.

ஏழாம் தேதி ஃபாக்டரியில் கிரஷர் ஷட்டவுன், பழுது பார்க்கிற வேலை. வர முடியாது. படிவம் பேசும்.

கொளஞ்சியப்பன்

*

பெரம்பலூர்
8-7-2025

சத்யாவின் அப்பாவுக்கு,

நேற்று நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். செந்தில்குமார் மகன் வாயிலிருந்து நீங்கள் கேட்டுக்கொள்வதற்கு முன்னால்.

அவளுடைய வரிசை எண் ஐம்பத்தெட்டு. முந்தின வாரமே தெரியும். உங்களுக்கும் சொல்லியிருப்பாள்.

பெரிய அரங்கம். மேடையில் திரை கட்டி, ஒவ்வொரு பிரிவிலும் மீதி எத்தனை இடம் என்று போட்டார்கள். பெற்றோர் ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம். என் கைப்பையில் இரண்டு படிவம் இருந்தது. ஒன்று உங்களுடையது. இன்னொன்று நான் வாங்கி, கம்ப்யூட்டர் என்று எழுதி என் கையெழுத்தைப் போட்டது. தகப்பன் ஊரில் இல்லை என்று சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். உங்கள் படிவத்தை ஏன் கிழித்துப் போடாமல் எடுத்துப் போனேன் என்று கேட்காதீர்கள். எனக்கே தெரியாது.

ஐம்பது பேர் தாண்டியதும் கம்ப்யூட்டர் எண்ணைத் தவிர எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை. எட்டு, ஏழு, ஆறு என்று குறைந்தது. அவள் பெயரைக் கூப்பிட்டபோது மீதி மூன்று. நான் எழுந்து படிவத்தை நீட்டினேன். அவள் அதை வாங்காமல் மேசைக்குப் போனாள். தன் பையிலிருந்து மூன்றாவதாக ஒரு படிவத்தை எடுத்து வைத்தாள். அந்த சார் பெற்றோர் கையெழுத்து எங்கே என்று கேட்டார். "பத்தொம்பது முடிஞ்சிருச்சு சார். நானே போட்டிருக்கேன். செல்லாதா?" என்றாள். அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவர் தலையாட்டினார். முத்திரை குத்திவிட்டார்கள். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

கம்ப்யூட்டர்தான் எடுத்திருக்கிறாள்.

இந்த வரியை எழுதுவதற்காகப் பத்து மாதமாகக் காத்திருந்தேன். உங்கள் முகத்தில் எறிகிற மாதிரி எழுத வேண்டும் என்று வார்த்தைகள்கூடச் சேர்த்து வைத்திருந்தேன். இப்போது எதுவும் வரவில்லை.

வெளியே வந்ததும் அவள் கையைப் பிடித்தேன். கையை உதறவில்லை, பிடிக்க விட்டாள். ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள். "உங்களுக்காக எடுக்கலம்மா. அப்பா சொன்னது எனக்குப் புடிச்சிருந்துச்சு, ஆனா அத எடுத்தா அரியலூர் ஃபாக்டரியிலயே நின்னுடுவேன். கம்ப்யூட்டர்னா மூணாவது வருசமே பெங்களூர், ஐதராபாத்னு டிரெயினிங் போயிடலாம். எது ரொம்பத் தூரமோ அதப் பாத்து எடுத்தேன்."

அவளே மறுபடி சொன்னாள். ஹாஸ்டலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டாளாம், பதினான்காம் தேதியிலிருந்து. படிப்பில் நல்ல இடம் வாங்கியவர்களுக்குச் சலுகை இருக்கிறதாம். எல்லாம் விசாரித்திருக்கிறாள். என் குவார்ட்டர்ஸிலிருந்து அந்தக் கல்லூரி ஆறு கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் இருபது நிமிடம்.

"நான் என்னடி பண்ணினேன்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "ஒரு வருசமா நான் எந்த பிராஞ்ச்னு ரெண்டு பேரும் கேட்டீங்க. எனக்கு எந்த வூடுன்னு ஒருத்தரும் கேக்கல" என்றாள்.

உங்களைக் குறை சொல்லித்தான் இந்தக் கடிதத்தை முடிப்பேன் என்று எதிர்பார்ப்பீர்கள். மெக்கானிக்கல் பைத்தியத்தை அவள் தலையில் ஏற்றாமல் இருந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. முடித்துவிட்டேன்.

புவனேஸ்வரி

*

அரியலூர்
28-7-2025

புவனேஸ்வரிக்கு,

நேற்று ஞாயிற்றுக்கிழமை. அவள் இந்தப் பக்கம் வருவது நின்று மூன்று வாரம் ஆகிறது. போன் எடுக்கிறாள், சாப்பிட்டேன் என்கிறாள், வைத்துவிடுகிறாள். அதனால் நானே ஹாஸ்டலுக்குப் போனேன்.

கேட்டில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வார்டன் அம்மா மரியாதையாகத்தான் பேசினார். ஒரு பெண்ணை மாடிக்கு அனுப்பினார். அந்தப் பெண் பத்து நிமிடம் கழித்து வந்து, "சத்யாவுக்குப் பரீட்சை இருக்காம் அங்கிள். முடியட்டும்னு சொல்லச் சொன்னாங்க" என்றது. செமஸ்டர் தொடங்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. என்ன பரீட்சை? அந்தப் பெண்ணுக்கும் அது பொய் என்று தெரிந்திருக்கிறது. என் முகத்தைப் பார்க்காமல் சொன்னது.

வெயிலில் ஒரு மணி நேரம் நின்றேன். மனசு மாறி இறங்கி வருவாள் என்று. வரவில்லை.

உன்னைத் திட்டுவதற்கு எனக்கு அங்கே நிறைய நேரம் இருந்தது. எல்லாம் உன்னால்தான் என்று தொடங்கினேன். உன் நாக்கு, உன் கர்வம், உன் கம்ப்யூட்டர். ஆனால் பாதியிலேயே நின்றுவிட்டது. வழக்கமாக அந்தத் திட்டு பஸ் அரியலூர் வந்து சேரும்வரை ஓடும். அது நின்றதுதான் எனக்கு அவமானமாக இருக்கிறது. இதை உன்னிடம் சொல்வது அதைவிட அவமானம். வேறு யாரிடம் சொல்வது? அக்காவிடம் சொன்னால், போகட்டும் விடு என்பாள்.

நீ போகாதே. போனால் நான் நின்ற இடத்தில்தான் நீயும் நிற்பாய்.

கொளஞ்சியப்பன்

*

பெரம்பலூர்
2-8-2025

சத்யாவின் அப்பாவுக்கு,

எச்சரிக்கைக்கு நன்றி. வழக்கம்போலத் தாமதம். உங்களுக்கு மூன்று நாள் முன்னாலேயே, வியாழக்கிழமை, நான் போய்விட்டு வந்துவிட்டேன்.

எனக்கு அவள் சொல்லி அனுப்பிய காரணம் தலைவலி. கைப்பையில் இருந்த மாத்திரை அட்டையை அந்தப் பெண்ணிடம் கொடுத்து, சாப்பிட்ட பிறகு ஒன்று போடச் சொன்னேன். தலைவலி இல்லை என்று எனக்குத் தெரியும். கொடுக்க வேறு எதுவும் இல்லை.

நானும் ஒரு மணி நேரம் இருந்தேன். ஆனால் நிற்கவில்லை. கேட்டுக்கு இடது பக்கம் புங்கமரத்தடியில் சிமெண்டு பெஞ்சு ஒன்று இருக்கிறது. நல்ல நிழல். அங்கிருந்து பார்த்தால் மாடி வராந்தா முழுக்கத் தெரியும். இருபத்தாறு வருடம் ஃபாக்டரியில் இருந்தவருக்கு அதுகூடக் கண்ணில் படவில்லை. இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம்.

புவனேஸ்வரி